ரேபிட் டெஸ்ட்டில் ஒரே கோடு வந்துவிட்டால் நாய்க்கு டிஸ்டம்பர் இல்லை என்று அர்த்தமா?

கேள்வி இதுதான்: ஏழு மாதக் குட்டி, தடுப்பூசி முதல் ஊசியோடு நின்றுபோயிருக்கிறது. நான்கு நாளாக இருமல், மூக்கில் சளி, கண்ணில் பீளை, கொஞ்சம் சோர்வு. டாக்டர் கண்ணில் ஸ்வாப் எடுத்து டிஸ்டம்பர் என்ற ஆபத்தான வைரஸ் நோய்க்கான ரேபிட் டெஸ்ட் போட்டார், பத்து நிமிடத்தில் ஒரே கோடு வந்தது, நெகட்டிவ் என்று சொல்லி அனுப்பிவிட்டார். இனி பயமில்லையா? வீட்டில் இருக்கும் இன்னொரு நாய் நன்றாகத்தான் இருக்கிறது, அதற்கும் ஒரு கிட் வாங்கி நாமே பார்த்துவிடலாமா? லேபில் வைரஸின் மரபணுவைத் தேடும் பிசிஆர் சோதனை வரை போகத்தான் வேண்டுமா?

முதல் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். பயம் இன்னும் போகவில்லை. தடுப்பூசி முடிக்காத குட்டி, கண்ணிலும் மூக்கிலும் ஒழுகுகிறது, சோர்ந்து கிடக்கிறது என்றால் ஒரு நெகட்டிவ் கோட்டை வைத்துக்கொண்டு டிஸ்டம்பரைத் தள்ளிவிட முடியாது. இதே குட்டிக்கு இரண்டு கோடு வந்திருந்தால் நான் அதை ஏறக்குறைய அப்படியே நம்பியிருப்பேன். ரேபிட் டெஸ்ட் 'இருக்கிறது' என்று சொன்னால் அதற்கு ஒரு மதிப்பு, 'இல்லை' என்று சொன்னால் வேறு மதிப்பு. இந்த வித்தியாசத்தை யாரும் உட்கார்ந்து விளக்குவதில்லை, அதனால்தான் நெகட்டிவ் வந்த நாயை இரண்டாம் நாளே மற்ற நாய்களோடு விளையாட விட்டுவிடுகிறார்கள்.

அந்த பிளாஸ்டிக் பட்டைக்குள் என்ன நடக்கிறது என்று தெரிந்தால் இது தானாகப் புரியும். ஸ்வாபில் வந்த சளியையும் செல்களையும் கிட்டோடு வரும் திரவத்தில் கரைத்து, நாலு சொட்டு குழியில் விடுகிறோம். அது உள்ளே இருக்கும் ஒரு மெல்லிய தாளில் ஊறி நகர்கிறது. போகிற வழியில், மிக நுண்ணிய தங்கத் துகள்களோடு ஒட்டவைக்கப்பட்ட ஆன்டிபாடிகள், அதாவது குறிப்பிட்ட கிருமியைப் பிடித்து ஒட்டிக்கொள்ளும் புரதங்கள், காத்திருக்கின்றன. வைரஸின் புரதம் இருந்தால் அவை அதைப் பிடித்துக்கொள்ளும். கொஞ்ச தூரம் தள்ளி 'டி' என்று குறித்த இடத்தில் இன்னொரு வரிசை ஆன்டிபாடி ஒட்டியிருக்கும், புரதத்தைச் சுமந்து வரும் தங்கத் துகள்கள் அங்கே சிக்கிக் குவியக் குவியத்தான் சிவப்புக் கோடு கண்ணுக்குத் தெரிகிறது. 'சி' கோடு வைரஸைப் பற்றி எதுவும் சொல்வதில்லை, திரவம் கடைசி வரை ஒழுங்காக ஓடியது என்பதற்கு மட்டும் சாட்சி. சி கோடு வரவில்லை என்றால் அந்த டெஸ்ட் செல்லாது, டி கோடு வந்திருந்தாலும் செல்லாது.

இதில் கவனிக்க வேண்டியது, எங்கேயும் பெருக்கல் நடக்கவில்லை என்பது. ஸ்வாபில் வந்த புரதம் எவ்வளவோ அவ்வளவுதான். கண்ணுக்குத் தெரியும் அளவுக்குக் கோடு விழ நிறைய புரதம் வேண்டும். பிசிஆர் அப்படி இல்லை, ஒவ்வொரு சுற்றிலும் வைரஸின் மரபணுத் துண்டை இரட்டிப்பாக்குகிறது. முப்பது சுற்று நன்றாக ஓடினால் ஒரு துண்டு நூறு கோடிக்கு மேல் ஆகிவிடும். அதனால் பட்டையில் கோடே விழாத மாதிரியில்கூட பிசிஆர் வைரஸைக் கண்டுபிடித்துவிடும். ஸ்வாபில் செல்கள் குறைவு, நோய் ஆரம்பித்து நாளாகிவிட்டது, கண் மருந்து விட்டுக் கழுவிவிட்டார்கள், கிட் வெயிலில் கிடந்தது, இப்படி எது நடந்தாலும் பட்டையில் விளைவு ஒன்றுதான்: ஒரே கோடு.

சரி, டிஸ்டம்பர் விஷயத்தில் நாள் கணக்கு ஏன் முக்கியம் என்று பார்ப்போம். வைரஸ் மூச்சுவழியாக உள்ளே போய் முதலில் தொண்டை, மூச்சுக்குழாய்ப் பக்கத்து நிணநீர்க் கணுக்களில் பெருகுகிறது. மூன்றிலிருந்து ஆறு நாளுக்குள் முதல் காய்ச்சல் வந்து போகும், பெரும்பாலும் வீட்டில் யாரும் கவனிப்பதில்லை. எட்டு ஒன்பது நாள் வாக்கில்தான் கண், மூக்கு, நுரையீரல், குடல், சிறுநீர்ப்பை ஆகியவற்றின் உள்தோல் செல்களுக்குப் பரவுகிறது, சில நாய்களுக்கு மூளைக்கும். கண்ணின் உட்புறச் சவ்வில் ஸ்வாப் எடுப்பது இந்தக் கட்டத்துக்கு நல்ல இடம், அங்கே செல்களுக்குள் வைரஸ் நிறைந்திருக்கும். ஆனால் நாயின் உடலில் ஆன்டிபாடி ஏற ஏற அவை வைரஸைப் போர்த்திக்கொள்ளும், கண்ணில் இருக்கும் அளவும் இறங்கும். இரண்டு மூன்று வாரம் கழித்து, தாடை துடிக்கிறது, கால் வெட்டிவெட்டி இழுக்கிறது, வாயை மென்றுகொண்டே இருக்கிறது என்று நாயைக் கொண்டுவருவார்கள். அப்போது கண்ணில் எடுத்த ஸ்வாப் நெகட்டிவாக இருப்பது சர்வ சாதாரணம், நோய் மட்டும் மூளையில் இருக்கும். அந்தக் கட்டத்தில் சிறுநீரையும், தேவைப்பட்டால் முதுகுத்தண்டு நீரையும் பிசிஆருக்கு அனுப்புவதுதான் பலன் தரும். சிறுநீரில் வைரஸ் நீண்ட நாள் கிடைக்கும், எடுப்பதும் சுலபம், ஆனால் யாருக்கும் அது முதலில் தோன்றுவதில்லை.

உங்கள் குட்டிக்கு நான்காம் நாள் கண்ணில் எடுத்திருக்கிறார்கள். நாளும் இடமும் சரிதான், டாக்டரைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. எப்படி எடுத்தார்கள் என்பதுதான் மீதிக் கேள்வி. கீழ் இமையைக் கீழே இழுத்து, முதலில் தேங்கியிருக்கும் பீளையைத் துடைத்துவிட்டு, உப்புநீரில் நனைத்த ஸ்வாபைச் சிவந்த சவ்வின் மேல் வைத்து நன்றாக உருட்ட வேண்டும். நாய் முகத்தைத் திருப்பும் அளவுக்கு அழுத்தம் இருந்தால்தான் செல்கள் வரும். மஞ்சள் பீளையை மட்டும் அள்ளி வந்தால் அதில் இருப்பது பெரும்பாலும் வெள்ளணுக்களும் கிருமிகளும் கழிவும்தான், நமக்கு வேண்டிய உள்தோல் செல் கொஞ்சமாகத்தான் இருக்கும். இரண்டு கண்ணிலும் எடுப்பது நல்லது. கண் சொட்டு மருந்து விடுவதற்கு முன்னால் எடுக்க வேண்டும். வீட்டில் நாயை ஒருவர் பிடித்துக்கொள்ள இன்னொருவர் பயந்து பயந்து இமை ஓரத்தில் தொட்டு எடுக்கும் ஸ்வாபில் இது எதுவும் நடக்காது. வீட்டிலேயே கிட் போடுவதை நான் ஆதரிக்காததற்கு முதல் காரணம் இதுதான்.

கோட்டைப் படிப்பதிலும் சில விஷயங்கள் இருக்கின்றன. டி கோடு எவ்வளவு மங்கலாக இருந்தாலும், குறித்த நேரத்துக்குள் வந்தால் அது பாசிட்டிவ்தான், 'லேசா இருக்கு, அதனால பரவாயில்லை' என்று ஒரு நிலை இல்லை. அதே சமயம் குறித்த நேரம் தாண்டி, பட்டை காய்ந்த பிறகு தெரியும் சாம்பல் நிற நிழலை வைத்து எதுவும் சொல்லக்கூடாது. காலையில் போட்டுவிட்டு மாலையில் எடுத்துப் பார்த்து போட்டோ அனுப்புகிறவர்கள் இருக்கிறார்கள், அந்தப் போட்டோவை வைத்து யாராலும் பதில் சொல்ல முடியாது. பையைப் பிரித்ததும் உடனே பயன்படுத்த வேண்டும், ஈரக்காற்று பட்டால் உள்ளிருக்கும் தாள் கெட்டுப்போகும். பிரிட்ஜில் வைத்திருந்தால் பையைப் பிரிக்காமலே அறை வெப்பத்துக்கு வரவிட வேண்டும்.

அடுத்தது, கிட் எதைத் தேடியது என்பது. டிஸ்டம்பர் கிட் டிஸ்டம்பரை மட்டும்தான் தேடும். நாயின் இருமலுக்குப் பின்னால் ஒரு பெரிய கூட்டமே இருக்கிறது: பாராஇன்புளுயன்சா, அடினோவைரஸ் 2, நாய் இன்புளுயன்சா, சுவாசக் கொரோனா, நியூமோவைரஸ், ஹெர்பிஸ், கூடவே போர்டடெல்லா, மைக்கோபிளாஸ்மா, ஸ்ட்ரெப்டோகாக்கஸ் என்று பாக்டீரியாக்கள். ஒன்றாக இரண்டு மூன்று சேர்ந்து வருவதும் சாதாரணம், வைரஸ் முதலில் மூச்சுக்குழாயின் உட்சுவரைப் புண்ணாக்கிவிட்டுப் போக, பின்னால் பாக்டீரியா வந்து உட்கார்ந்துகொள்ளும். கென்னல் காஃப் என்று நாம் பொதுவாகச் சொல்வது இந்த மொத்தக் கூட்டத்தைத்தான். டிஸ்டம்பர், அடினோ, இன்புளுயன்சா மூன்றையும் ஒரே பட்டையில் பார்க்கும் கிட்டுகள் உண்டு. மற்றதில் பெரும்பாலானவற்றுக்கு மருத்துவமனையில் வைத்திருக்கும் பட்டைகளில் வழியில்லை, பல கிருமிகளை ஒரே மாதிரியில் சேர்த்துத் தேடும் பிசிஆர் பேனல்தான் வழி. ஆக, இருமலுக்கு என்ன காரணம் என்று நீங்கள் கேட்டதற்கு, அந்த ஒரு கோடு பதில் சொல்லவே இல்லை.

இங்கே ஒரு குழப்பத்தைத் தனியாகச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் காசையும் நேரத்தையும் இரண்டையும் தின்கிறது. கிட் பெட்டியில் 'சிசிவி' என்றோ நாய் கொரோனா என்றோ போட்டிருந்தால் அது குடலைத் தாக்கும் நாய்க் கொரோனா வைரஸுக்கானது, மலத்தில் பார்ப்பது. இருமலை உண்டாக்கும் சுவாசக் கொரோனா வேறு வகை, 2003-ல் இங்கிலாந்தில் நாய்க் காப்பகம் ஒன்றில் அடையாளம் கண்டு சொன்னார்கள், அது மாட்டுக் கொரோனாவுக்கு நெருங்கிய சொந்தம். குடல் கொரோனா கிட் அதைப் பிடிக்காது. மனிதர்களின் கோவிட் கிட்டும் இந்த இரண்டில் எதற்கும் உதவாது, அது மூன்றாவது வைரஸ். மூக்கில் ஸ்வாப் எடுத்து இந்தக் கிட்டுகளில் ஏதோ ஒன்றில் போட்டுப் பார்த்து 'கொரோனா இல்லை' என்று முடிவு செய்வதில் எந்த அர்த்தமும் இல்லை.

இன்னொரு குழப்பம் ஆன்டிஜன் கிட், ஆன்டிபாடி கிட். முதலாவது வைரஸைத் தேடுகிறது. இரண்டாவது, நாயின் ரத்தத்தில் அந்த வைரஸுக்கு எதிரான ஆன்டிபாடி இருக்கிறதா என்று தேடுகிறது. டிஸ்டம்பர், அடினோ, பார்வோ மூன்றுக்கும் சேர்த்து ஆன்டிபாடி பார்க்கும் கிட்டுகள் பல மருத்துவமனைகளில் இருக்கின்றன, தடுப்பூசி வேலை செய்திருக்கிறதா என்று பார்க்க அவை நல்லவை. ஆனால் இருமுகிற நாயில் ஆன்டிபாடி 'பாசிட்டிவ்' என்றால் அது தடுப்பூசியால் வந்ததா, எப்போதோ வந்துபோன நோயால் வந்ததா, இன்றைய நோயால் வந்ததா என்று ஒரே ஒரு சோதனையில் பிரிக்க முடியாது. இரண்டு மூன்று வாரம் விட்டு இரண்டாவது மாதிரி எடுத்து, அளவு நான்கு மடங்கு ஏறியிருந்தால் அப்போது இந்த நோய்தான் என்று சொல்லலாம். அதற்குள் நாய் ஒன்று தேறியிருக்கும், அல்லது நிலைமை கைமீறியிருக்கும், அதனால் ஒரு நாய்க்கு இது சிகிச்சைக்கு உதவுவதில்லை. காப்பகத்தில் என்ன பரவியது என்று பிறகு தெரிந்துகொள்ள உதவும். டாக்டர் எந்தக் கிட் போட்டார் என்று பெயரைக் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள், ரத்தம் எடுத்தாரா, ஸ்வாப் எடுத்தாரா என்பதிலேயே பாதி தெரிந்துவிடும்.

இன்புளுயன்சாவின் கணக்கு டிஸ்டம்பரைவிட இன்னும் அவசரமானது. எச்3என்8 என்ற வகை குதிரையிலிருந்து நாய்க்குத் தாவியது, 2004-ல் புளோரிடாவில் பந்தய கிரேஹவுண்டுகளிடம் வெடித்தபோதுதான் உலகத்துக்குத் தெரிந்தது. எச்3என்2 பறவையிலிருந்து வந்தது, முதலில் கொரியா, சீனா பக்கம், அப்புறம் 2015-ல் சிகாகோவில் பெரிய அளவில் பரவியது. நாய்களுக்கு இதன் மேல் முன் அனுபவ எதிர்ப்பே கிடையாது, அதனால் ஒரு போர்டிங்குக்குள் நுழைந்தால் வரிசையாக எல்லாம் இருமும். தொற்றி இரண்டிலிருந்து நான்கு நாளில் அறிகுறி வருகிறது, ஆனால் வைரஸ் அதிகமாக வெளியேறுவதும் அந்த நாட்களில்தான், சில சமயம் நாய் இருமத் தொடங்குவதற்கு முன்பே. எனவே இருமல் தொடங்கி ஒரு வாரம் கழித்து மூக்கில் ஸ்வாப் எடுத்துப் பட்டையில் போட்டால் நெகட்டிவ் வருவதில் ஆச்சரியமில்லை. முதல் மூன்று நான்கு நாளுக்குள், ஸ்வாபை மூக்கின் உள்ளே ஆழமாக விட்டு எடுக்க வேண்டும். மனிதர்களுக்கான புளூ கிட் ஏ வகை வைரஸின் பொதுவான உட்புரதத்தைத் தேடுவதால் நாயிலும் சில நேரம் பிடிக்கும், ஆனால் தனி ஒரு நாயில் அது தவறவிடுவது அதிகம், அதை நம்பி உட்காரக்கூடாது.

ஒரு நாயில் பலவீனமான இதே கிட் ஒரு கூட்டத்தில் பலமாகிவிடுகிறது, இதைக் காப்பகம் நடத்துகிறவர்கள் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும். ஒரு கிட் பாதி நோயாளிகளைத் தவறவிடுகிறது என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். ஒரு நாயில் அது நாணயம் சுண்டுவதற்குச் சமம். ஆனால் ஒரே இடத்தில், ஒரே வாரத்தில் இருமத் தொடங்கிய ஐந்து நாய்களில், எல்லாவற்றுக்கும் அதே நோய் என்றால், ஐந்தையும் சேர்த்துத் தவறவிடுவதற்கு வாய்ப்பு முப்பத்திரண்டில் ஒன்று. ஒன்றில் பாசிட்டிவ் வந்தாலே மொத்தக் கூட்டத்துக்கும் பதில் ஏறக்குறைய கிடைத்துவிட்டது. அதனால் காப்பகத்தில் எந்த நாயைச் சோதிப்பது என்று கேட்டால், நேற்றோ இன்றோ இருமத் தொடங்கியதைத்தான் முதலில் எடுக்கச் சொல்வேன். பத்து நாளாக இருமி மிகவும் மோசமாக இருக்கும் நாயைத்தான் எல்லோரும் தூக்கி வருவார்கள், அதில் வைரஸ் வடிந்து பாக்டீரியாதான் மிஞ்சியிருக்கும்.

இப்போது உங்கள் இரண்டாவது நாய். நோய் அறிகுறியே இல்லாத நாய்க்கு 'சும்மா ஒரு தடவை' டெஸ்ட் போடுவதில் ஒரு கணக்கு ஒளிந்திருக்கிறது. ஒரு கிட் நோயுள்ள நூறில் எண்பதைப் பிடிக்கும், நோயில்லாத நூறில் தொண்ணூற்றைந்தைச் சரியாக நெகட்டிவ் என்று சொல்லும் என்று உதாரணத்துக்கு எடுத்துக்கொள்வோம். நோய் பரவிய ஓர் இடத்தில் 200 நாய், அதில் 100-க்கு நிஜமாக நோய் என்றால், 80 சரியான பாசிட்டிவ், 5 தவறான பாசிட்டிவ். பாசிட்டிவ் வந்தால் கண்ணை மூடிக்கொண்டு நம்பலாம். ஆனால் நெகட்டிவ் வந்த 115-ல் 20 நாய்க்கு நோய் இருக்கிறது, ஆறில் ஒன்றுக்கு மேல். அதே கிட்டை ஆரோக்கியமான 1000 நாய்களில் போடுங்கள், அதில் 10-க்குத்தான் நோய். 8 சரியான பாசிட்டிவ், கிட்டத்தட்ட 50 தவறான பாசிட்டிவ். இங்கே பாசிட்டிவ் வந்த ஏழு நாயில் ஆறுக்கு நோயே இல்லை! கிட் மாறவில்லை, யாருக்குப் போடுகிறோம் என்பது மட்டும்தான் மாறியது. உங்கள் குட்டி முதல் ரகம், அதனால் நெகட்டிவை நம்ப முடியவில்லை. இரண்டாவது நாய், தடுப்பூசி ஒழுங்காகப் போட்டிருந்தால், இரண்டாவது ரகத்துக்குப் பக்கத்தில் நிற்கிறது, பாசிட்டிவ் வந்தாலும் குழப்பம்தான் மிச்சம். அதற்குக் கிட் வாங்குவதைவிட, தினமும் இரண்டு வேளை காய்ச்சல் பார்ப்பதும் சாப்பாட்டைக் கவனிப்பதும் உருப்படியான வேலை. அறிகுறி ஏதாவது வந்தால் அன்றே ஸ்வாப்.

பிசிஆர் தேவையா என்றால், உங்கள் குட்டிக்குத் தேவை என்பேன். தடுப்பூசி முடித்த, நன்றாகச் சாப்பிடுகிற, ஓடியாடுகிற பெரிய நாய் வறட்டு இருமல் இருமினால் எந்த டெஸ்ட்டும் வேண்டாம் என்றுதான் சொல்வேன், பத்துப் பதினைந்து நாளில் தானாகச் சரியாகும், முடிவு எதுவாக இருந்தாலும் சிகிச்சை மாறப்போவதில்லை. குட்டி, தடுப்பூசி இல்லாதது, நிமோனியா சந்தேகம், பல நாய்கள் இருக்கும் வீடு, காப்பகம், குட்டி போடும் இடம், இங்கெல்லாம் பதில் தெரிந்தால் அடுத்த நடவடிக்கை நிஜமாகவே மாறும், அங்கே பிசிஆருக்குச் செலவு செய்வது நியாயம். மாதிரியை ஒரே இடத்தில் எடுக்காமல் கண், மூக்கு, தொண்டை மூன்றிலும் எடுக்கச் சொல்லுங்கள், டிஸ்டம்பர் சந்தேகம் இருப்பதால் சிறுநீரும் சேர்த்து. ஸ்வாப் செயற்கை இழையாக, பிளாஸ்டிக் குச்சியாக இருக்க வேண்டும், மரக்குச்சி பிசிஆரைக் கெடுக்கும். பாக்டீரியா வளர்ப்புக்கு அனுப்பும் ஜெல் குழாயில் போட்டு அனுப்பக்கூடாது. லேப் சொல்லும் குழாயில் போட்டு, ஐஸ் பேக்கோடு, முடிந்தவரை அன்றே அனுப்ப வேண்டும். முடிவு வர ஓரிரண்டு நாள் ஆகலாம். ஒரே வெப்பநிலையில் வைரஸ் மரபணுவைப் பெருக்கிச் சுமார் ஒரு மணி நேரத்தில் முடிவு சொல்லும் சிறு கருவிகளும் வந்துவிட்டன, உங்கள் டாக்டரிடம் அது இருந்தால் இன்னும் நல்லது, பட்டையின் வேகத்தோடு பிசிஆரின் கூர்மை ஓரளவு கிடைத்துவிடும்.

பிசிஆரிலும் ஒரு பொறி இருக்கிறது. நாய்க்குப் போடும் டிஸ்டம்பர், அடினோ, பாராஇன்புளுயன்சா தடுப்பூசிகளில் பெரும்பாலானவை வீரியம் குறைத்த உயிருள்ள வைரஸ். ஊசி போட்ட சில வாரங்களுக்குப் பிசிஆர் அந்தத் தடுப்பூசி வைரஸையே பிடித்து பாசிட்டிவ் என்று சொல்லிவிடக்கூடும். மூக்கில் விடும் கென்னல் காஃப் தடுப்பு மருந்தில் இது இன்னும் அதிகம், விட்ட இடமும் ஸ்வாப் எடுக்கும் இடமும் ஒன்றே. காப்பகத்துக்கு வந்த அன்றே ஊசி போட்டு, ஒரு வாரத்தில் இருமல் வந்து, பிசிஆரில் டிஸ்டம்பர் பாசிட்டிவ் என்றால் அது வெளியே நோயாகப் பரவும் தெரு வைரஸா, ஊசி வைரஸா? சில லேப்கள் வைரஸின் அளவையும் சேர்த்துச் சொல்லும், தடுப்பூசியால் வருவது பொதுவாகக் குறைந்த அளவில் இருக்கும். தெரு வகையையும் ஊசி வகையையும் பிரித்துச் சொல்லும் சோதனையும் உண்டு. இதனால் பாசிட்டிவ் வந்த நாயைக் கைவிட்டுவிடுவதற்கு முன் கடைசி ஊசி எப்போது போட்டது என்று பார்க்க வேண்டும். நல்ல நாய்கள் இந்த ஒரு காகிதத்தால் உயிரை இழந்திருக்கின்றன, அதனால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

முடிவு வரும்வரை குட்டியை டிஸ்டம்பர் இருக்கிற நாய் மாதிரியே நடத்துங்கள். தனி அறை, தனித் தட்டு, தனித் துணி. நல்ல நாயை முதலில் கவனித்துவிட்டு, அப்புறம் குட்டியிடம் போங்கள், வந்ததும் சட்டையை மாற்றிக் கையைச் சோப்பால் கழுவுங்கள். டிஸ்டம்பர் வைரஸ் வெளியே ரொம்ப நேரம் தாங்காது, சாதாரணக் கிருமிநாசினியே போதும். இன்புளுயன்சா தரையிலும் தட்டிலும் இரண்டு நாள் வரை இருக்கலாம். எச்3என்2 என்று உறுதியானால் தனிமை நான்கு வாரம். டிஸ்டம்பர் தேறிய நாய் வாரக்கணக்கில், சில நேரம் மாதக்கணக்கில் வைரஸை வெளியேற்றும், எனவே இருமல் நின்றதை வைத்து முடிவு செய்யாமல், இடைவெளி விட்டு எடுத்த இரண்டு பிசிஆர் நெகட்டிவ் வந்த பிறகுதான் மற்ற நாய்களோடு விட வேண்டும்.

சிகிச்சைக்கு எந்த டெஸ்ட்டுக்காகவும் காத்திருக்க வேண்டியதில்லை. டிஸ்டம்பருக்கும் சரி, மற்ற சுவாச வைரஸ்களுக்கும் சரி, நேரடியாகக் கொல்லும் மருந்து என்று நிரூபிக்கப்பட்டது இப்போதைக்கு இல்லை. நீர்ச்சத்து, ஊட்டம், ஆவி, பாக்டீரியா சேர்ந்திருந்தால் அதற்கு ஆன்டிபயாடிக், இவற்றில்தான் குட்டியின் உயிர் நிற்கிறது. வீட்டில் மிச்சமிருக்கும் மனிதர்களின் இருமல் டானிக்கையும் வலி மாத்திரையையும் தொடவே தொடாதீர்கள், பாராசிட்டமாலும் இப்யூபுரோஃபெனும் நாய்க்கு விஷமாகிவிடக்கூடியவை. தூங்கும்போது நிமிடத்துக்கு எத்தனை மூச்சு என்று எண்ணுங்கள், நாற்பதைத் தாண்டினாலோ, ஈறு நீலம் பாய்ந்தாலோ, ஒரு நாள் முழுக்கச் சாப்பிடாவிட்டாலோ, தாடையோ காலோ துடித்தாலோ ராத்திரி என்று பார்க்காமல் தூக்கிக்கொண்டு ஓடுங்கள்.

இரண்டாவது நாய்க்குத் தடுப்பூசி தேதி தாண்டியிருந்தால், அது நன்றாக இருக்கும் இப்போதே டாக்டரிடம் கேட்டு ஊசியைப் போட்டுவிடலாம், டிஸ்டம்பருக்கு எதிரான பாதுகாப்பு மற்ற நோய்களைவிட வேகமாக வருகிறது. அந்த நாயைக் கிளினிக்குக்குள் காத்திருக்கும் கூட்டத்தில் உட்கார வைக்காமல், வீட்டில் இருமும் குட்டி இருக்கிறது என்று போனில் முன்பே சொல்லிவிட்டுப் போங்கள். என்றாவது ஸ்வாப் எடுக்கவேண்டி வரும் என்று தோன்றினால், ஊசிக்கு முன்பே எடுத்துவிடச் சொல்லுங்கள், ஊசி போட்ட தேதியையும் மருந்தின் பெயரையும் அட்டையில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். லேப் படிவத்தில் அதே தேதியும், இருமல் தொடங்கிய தேதியும், எந்த இடத்தில் மாதிரி எடுத்தது என்பதும் இருக்க வேண்டும், இந்த மூன்றும் இல்லாமல் வரும் ரிப்போர்ட்டை வைத்து உங்கள் டாக்டரால் பெரிதாக எதுவும் சொல்ல முடியாது.